மூன்றாவது குழாய்

அன்புள்ள ஐயா,

பாம்பு கடித்த உங்கள் சித்தப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற இரவைப் பற்றிய உங்கள் கட்டுரையை வீட்டில் உரக்க வாசித்தேன். "புன்னகை மாறாத வெண்ணுடைத் தேவதைகள்" என்ற வரி வந்ததும் என் மனைவி சிரித்துவிட்டார். அவர் செவிலியர். ஆறு ஆண்டுகள் தனியார் மருத்துவமனையில் இருந்துவிட்டு, 2015-இல் தொகுப்பூதியத்தில் அரசுப் பணிக்கு வந்தவர். எங்கள் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். உறவினர்கள் தடுத்தால் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். தடுப்பவர் அவளுடைய அம்மா. "நான் பட்டது போதும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மறுக்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர் (பெயர் வெளியிட வேண்டாம்)
பாபநாசம் வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சிரித்ததில் முழு நியாயம் இருக்கிறது. அந்த இரவில் அங்கே யாரும் புன்னகைக்கவில்லை. அந்தச் செவிலியர் எங்களிடம் பேசிய முதல் சொற்களே, "இதை யார் கட்டினது?" என்பதுதான். மடையை அடைக்கப் போன இடத்தில் இருட்டில் எது கடித்தது என்று தெரியாமல், சித்தப்பாவின் முழங்காலுக்குக் கீழே வைக்கோல் பிரியை இறுக்கிச் சுற்றியிருந்தோம். திட்டினாரே தவிர, உடனே அவிழ்க்கவும் விடவில்லை. கையில் ஊசி ஏற்றி, டாக்டர் வந்து நின்ற பிறகுதான் அவிழ்த்தார். இறுக்கிய கட்டைச் சட்டென்று எடுத்தால் தேங்கிய நஞ்சு ஒரேயடியாக உடலுக்குள் பாயக்கூடும் என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். இவ்வளவையும் விட்டுவிட்டு, டாக்டரின் பெயரை மட்டும் மறக்காமல் எழுதிவிட்டு, செவிலியரைத் தேவதையாக்கியது என் சோம்பேறித்தனம்.

விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

டாக்டர் பார்த்தார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், பிரசவ அறையிலிருந்து அழைப்பு வந்ததும் போனார். அதன் பிறகு செவிலியர் 2 மில்லி ரத்தம் எடுத்து, உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, நேரத்தைப் பிளாஸ்திரித் துண்டில் எழுதி ஒட்டி, யாரும் அசைக்காத இடத்தில் நிறுத்தி வைத்தார். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் கூடாது. அதில் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றிவிடும். 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் அந்த நேரத்துக்கு நல்லது. தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற ஒன்றின் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். நாகமாகவோ கட்டுவிரியனாகவோ இருந்தால் ரத்தம் உறையும், ஆனால் இமை சரியும், மூச்சுத் தசைகள் தளரும். ஆகவே இன்னொரு பக்கம், "ஒரே மூச்சில எண்ணுங்க, பெரியவரே" என்றார். களத்தில் நெல் அளந்தே பழகிய சித்தப்பா, "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கினார். செவிலியர் திருத்தவில்லை. மூச்சு எந்த எண்ணில் நின்றது என்பதை மட்டும் குறித்துக்கொண்டார். 31.

முதல் குழாய் உறைந்திருந்தது. நாங்கள் வீட்டுக்குக் கிளம்பத் தயாரானோம். "உட்காருங்க" என்று ஒரே சொல்லில் நிறுத்தினார். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது முறை. இரண்டாவதும் உறைந்தது. மூன்றாவது, சாய்த்ததும் குழாயின் விளிம்பு வரை ஓடி வந்தது. டாக்டர் மீண்டும் வந்து பத்துக் குப்பி நஞ்சுமுறி மருந்து எழுதினார். பொடியாக இருக்கும் அந்த மருந்தைக் குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு குப்பியையும் உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிக் கரைத்து, அட்ரினலின் ஏற்றிய ஊசியைத் தட்டில் தயாராக வைத்துக்கொண்டு, முதல் கால் மணி நேரம் சித்தப்பாவின் தோலையும் உதட்டையும் விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றவர் செவிலியர். அந்த மருந்தே ஒவ்வாமல் போய் ஆளைச் சாய்த்துவிடவும் கூடும்.

டாக்டர் அந்த இரவில் எங்களோடு இருந்தது, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் இருக்கலாம். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய முடிவு இல்லாமல் மருந்து ஏறியிருக்காது. ஆனால் எப்போது முடிவெடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிவித்தது, மற்ற ஐந்து மணி நேரமும் எண்ணிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்த ஒருவர். சொட்டு மருந்தும் கணக்குதான்: 20 சொட்டு ஒரு மில்லி என்றால், 500 மில்லி எட்டு மணி நேரத்தில் இறங்க நிமிடத்துக்கு 21 சொட்டு. பிரசவம் முடிந்த தாயின் நாடியையும் உதிரப்போக்கையும் கால் மணிக்கொரு முறை பார்ப்பதும், அசையாத நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும் இதே கணக்கின் பகுதிகள். நைட்டிங்கேல் அம்மையாரை நாம் கைவிளக்கோடு நிறுத்திவிட்டோம். கிரிமியப் போரின் இறப்புகளைக் கணக்கிட்டு, பெரும்பாலானவை காயத்தால் நேர்ந்தவை அல்ல, நோயால் நேர்ந்தவை என்று காட்டியவர் அவர். லண்டன் புள்ளியியல் கழகம் 1858-இல் சேர்த்துக்கொண்ட முதல் பெண் உறுப்பினர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்றாலும், 1830-களில் காவிரியில் முக்கொம்பு மேலணையைக் கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டனின் பாசனக் கொள்கைக்கு ஆதரவாக எழுதியவர். சித்தப்பா அடைக்கப் போன மடைக்கும் அவருக்கும் இவ்வளவு உறவு உண்டு.

செவிலியர் என்ற சொல்லிலும் எனக்குச் சிறு வருத்தம் இருக்கிறது. அகப்பாடல்களின் செவிலி வளர்ப்புத்தாய். மகள் காதலனோடு உடன்போனால் தேடிக்கொண்டு பாலை வழியில் அலைபவள். அந்தத் தாய்மையை இந்தத் தொழிலின் தலையில் ஏற்றிவிட்டதால், ஊதியம் கேட்டாலே தாய் கூலி கேட்டதைப் போல நமக்குக் கசக்கிறது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வேறு சொல்லை வைக்கிறார்: உழைச்செல்வான், அதாவது அருகில் இருப்பவன். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக அவனைச் சேர்த்து எண்ணுகிறார். பரிமேலழகர் அவனுக்குச் சொல்லும் தகுதிகளில் அன்பும் உண்டு, அறிவும் உண்டு. அன்பை வாங்கிக்கொண்டோம்.

இனி உங்கள் மனைவி. 2015-இல் அந்தத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவருடைய சக பணியாளர்கள் சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் ஏன் போராட்டத்தில் அமர்ந்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தனியார் துறையைப் பற்றி, உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பை ஒட்டி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அதில் பாதி கொடுத்து, மூலச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களை டெல்டாவில் நானே பார்த்திருக்கிறேன். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், போதனா மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவு. இரவுப் பணியில் வார்டு முழுவதற்கும் ஒருவர் நின்றால் மூன்றாவது குழாயை யார் சாய்த்துப் பார்ப்பது? தான் கற்றதைச் செய்ய விடாத நிலையைத்தான் அவர் "பட்டது" என்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிழையாகவும் இருக்கலாம், அவரிடமே கேளுங்கள். தொழில் வேண்டாமா, அல்லது இந்த நிலையில் அந்தத் தொழில் வேண்டாமா என்று பிரித்துக் கேளுங்கள். பதிலை மகள் நேரில் கேட்கட்டும்.

என் கருத்து, அவள் படிக்கலாம் என்பதே. நான்கு ஆண்டுப் படிப்பு. சேரும் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அங்கே படுக்கைகளில் நோயாளிகள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று ஒரு சாதாரண நாளில் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெயர்ப்பலகையும் பேருந்தும் மட்டுமே உள்ள கல்லூரியில் ஊசி போடக்கூடப் பழக முடியாது. உடன் உங்கள் மனைவியை அழைத்துப் போங்கள். வார்டுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் அவர் சொல்லிவிடுவார்.

கட்டுரையிலிருந்து தேவதை வரியை நீக்கிவிட்டேன். சிகிச்சைக் குறிப்பேட்டில் அந்தச் செவிலியர் எழுதியிருந்த நேரத்தைக் கொண்டு, அந்த இடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: "இரவு 12.10-க்கு மூன்றாவது குழாயைச் சாய்த்துப் பார்த்தவர், பணியிலிருந்த செவிலியர்."