நிஃப்டியை வாங்கலாமா? கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகள்

நிஃப்டி 150 புள்ளி ஏறியது என்று செய்தியில் சொல்கிறார்களே, புள்ளி என்றால் ரூபாயா? நிஃப்டி வாங்க இருபதாயிரத்துக்கு மேல் கையில் வேண்டுமா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

இல்லை அம்மா, புள்ளி வேறு, ரூபாய் வேறு. நம் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் "இன்னைக்கு மீன் விலை ஏறிப்போச்சு" என்கிறோம். வஞ்சிரம் ஏறியிருக்கும், மத்தி இறங்கியிருக்கும், ஆனாலும் மொத்தத்தில் விலை எந்தப் பக்கம் போனது என்று ஒரு பேச்சு இருக்கும். அந்தப் பேச்சுக்குப் பங்குச் சந்தையில் ஓர் எண் கொடுத்தால் அதுதான் குறியீடு.

நிஃப்டி என்பது தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்களின் கணக்கு. 1995 நவம்பர் 3 அன்றைய மதிப்பை 1000 என்று வைத்துத் தொடங்கினார்கள். குறியீடு 24,000-இல் நின்றால், அந்த 1000 இருபத்து நான்கு மடங்காகியிருக்கிறது என்று அர்த்தம். சென்செக்ஸ் மும்பைப் பங்குச் சந்தையின் 30 நிறுவனங்களுக்கானது. அதற்கு 1978-79-ஐ 100 என்று வைத்தார்கள். தொடக்கம் பழையது என்பதால் எண் பெரிதாகத் தெரிகிறது, அதில் லாபம் கூடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். 24,000-இல் 150 புள்ளி என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. எப்போதும் சதவீதத்தைப் பாருங்கள்.

குறியீட்டை நேராக வாங்க முடியாது. அதே 50 பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 500 ரூபாய் போட்டுக்கூடத் தொடங்கலாம்.

என்.எல்.சி.யில் வேலை. கையில் இருப்பதெல்லாம் அந்தப் பங்குதான். நிஃப்டி ஏறும் நாளிலும் சில சமயம் இது இறங்குகிறதே, ஏன்?
– வாசகர், நெய்வேலி

என்.எல்.சி. நிஃப்டி 50-இல் இல்லை. நிஃப்டியின் போக்கு வேறு, உங்கள் பங்கின் போக்கு வேறு. நிஃப்டிக்குள்ளும் ஐம்பதுக்கும் சம இடம் கிடையாது. சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். அரசோ நிறுவனரோ கையில் வைத்திருக்கும் பங்குகள் அந்தக் கணக்கில் சேராது. நிஃப்டி இந்த முறைக்கு மாறியது 2009-இல். இன்று அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதி நிறுவனங்களுடையது. பெரிய வங்கிகள் தும்மினால் நிஃப்டிக்கே ஜலதோஷம் பிடிக்கும்.

என் கவலை வேறு. சம்பளம் வருவதும் அதே நிறுவனத்திலிருந்து, சேமிப்பு இருப்பதும் அதிலேயே. நல்ல நிறுவனம்தான், ஆனாலும் இரண்டும் ஒரே கூடையில் இருக்க வேண்டாம். 2009 ஜனவரியில் சத்யம் மோசடி வெளியே வந்ததும் அந்தப் பங்கை நிஃப்டியிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தார்கள். ஃபண்டு வைத்திருந்தவருக்கு அது ஐம்பதில் ஒன்று. சத்யம் மட்டும் வைத்திருந்தவருக்கு அதுதான் மொத்தமும். அதனால் இனிமேல் போடும் பணத்தையாவது குறியீட்டு ஃபண்டில் போடுங்கள்.

சீட்டு எடுத்த பணம் 6 லட்சம் இருக்கிறது. மகளுக்கு இரண்டு வருஷத்தில் கல்யாணம். நிஃப்டி ஃபண்டில் போட்டால் பெருகும் என்கிறார் தம்பி.
– வாசகி, கடலூர் முதுநகர்

வேண்டாம் அம்மா. தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. 2008 ஜனவரியில் நிஃப்டி 6,200-ஐத் தாண்டி நின்றது. அதே அக்டோபர் கடைசியில் 2,500 அளவுக்கு வந்துவிட்டது. அன்று போட்ட 6 லட்சம் பத்தே மாதத்தில் சுமார் 2.4 லட்சமாகியிருக்கும். பழைய உயரத்தைத் திரும்பத் தொட 2010 நவம்பர் ஆயிற்று. 2008-இல் கல்யாணம், வீடு என்று தேதி குறித்து வைத்துக்கொண்டு சந்தையில் பணம் போட்டவர்கள் என் எதிரில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் விழுந்தது அதே நவம்பரில் மீண்டுவிட்டது, உண்மைதான். அதைப் பார்த்துத்தான் பலருக்குத் துணிச்சல் வருகிறது. எந்த வீழ்ச்சி எட்டு மாதத்தில் மீளும், எது மூன்று வருஷம் எடுக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. கல்யாணத் தேதியோ தள்ளிப்போகாது. தபால் நிலையத்தில் இரண்டு வருஷ டெபாசிட் இருக்கிறது, வங்கியிலும் இருக்கிறது. அங்கே வையுங்கள். ஏழெட்டு வருஷம் தொடத் தேவையில்லாத பணம் என்று ஒன்று இருந்தால், மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ அதை மட்டும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அனுப்புங்கள்.

இண்டெக்ஸ் ஃபண்டா, இ.டி.எஃப்.பா? மூன்று கம்பெனிகளின் நிஃப்டி ஃபண்டை வாங்கினால் பாதுகாப்பா?
– வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

மூன்றிலும் அதே 50 பங்குகள்தான் இருக்கும், ஒன்றே போதும். இ.டி.எஃப். என்பது பங்கைப் போலச் சந்தையிலேயே வாங்கி விற்கும் ஃபண்டு. அதற்கு டீமேட் கணக்கு, அதாவது பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு வேண்டும், வாங்க விற்க எதிர்ப்பக்கம் ஆளும் இருக்க வேண்டும். புதியவருக்கு ஃபண்டே எளிது. செலவு விகிதம் (ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் பிடிக்கும் கட்டணம்) குறைவாகவும், குறியீட்டின் வருமானத்துக்கு நெருக்கமாகவும் உள்ள 'டைரக்ட்' திட்டத்தை, அதாவது இடைத்தரகர் இல்லாமல் நேராக வாங்கும் திட்டத்தை எடுங்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. அதற்கு முன்பே விற்றால் 20 சதவீதம்.

டெலிகிராம் குழுவில் 'நிஃப்டி ஆப்ஷன்' டிப்ஸ் தருகிறார்கள். 40,000 போய்விட்டது. விட்டதைப் பிடிக்க முடியுமா?
– வாசகர், பண்ருட்டி

தம்பி, முதலில் நிறுத்துங்கள், இன்றைக்கே. பெயரில் நிஃப்டி இருப்பதால் ஆப்ஷனும் முதலீடு என்று தோன்றுகிறது. அது நிஃப்டி எந்தப் பக்கம் போகும் என்று ஒரு தேதிக்குள் கட்டும் பந்தயம் மாதிரி. ஃபண்டில் உங்களிடம் 50 நிறுவனங்களின் பங்கு இருக்கிறது, விலை விழுந்தாலும் காத்திருக்கலாம். நீங்கள் வாங்கும் ஆப்ஷனுக்குக் கெடு தேதி உண்டு. கெடு முடிந்து ஒரு வாரம் கழித்து உங்கள் கணிப்பு பலித்தாலும் பயன் இல்லை, போட்டது மொத்தமும் போயிருக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ் (இதுவும் கெடு தேதி வைத்த ஒப்பந்தம்தான்), ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

டிப்ஸ் தருபவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள், செபி இணையதளத்தில் அதைச் சரிபாருங்கள். அவர் சொன்ன கணக்குக்கோ செயலிக்கோ நேராகப் பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். அப்புறம், வீட்டில் சொல்லிவிடுங்கள். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கும் எண்ணம் அடுத்த வாரம் வரும்போது, தடுக்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.