அப்பாவின் இ.சி.எச்.எஸ். அட்டையை விட்டுவிடலாமா?

கேள்வி: என் தந்தை தரைப்படையில் ஹவில்தாராக இருந்து 1995-இல் ஓய்வு பெற்றவர், வயது 72. தாய்க்கு 66. இருவருக்குமே சர்க்கரை நோய் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்குமான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இல் இருவரும் இருக்கிறார்கள். "இ.சி.எச்.எஸ். அட்டையைக் காட்டினால் எந்த மருத்துவமனையும் சேர்ப்பதில்லை, தனியார் பாலிசி எடுத்துவிடுங்கள்" என்கிறார் ஒரு முகவர். ஐந்து லட்ச ரூபாய்க்கான ஆயுஷ்மான் (மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு) அட்டையை ஆதாரை வைத்தே பதிந்து தருவதாகச் சொல்கிறார் இன்னொருவர். எதைத் தேர்ந்தெடுப்பது? 27 வயதாகி வேலையில் இருக்கும் எனக்கு அப்பாவின் திட்டத்தில் இடம் உண்டா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: உங்கள் பெற்றோர் இ.சி.எச்.எஸ். திட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது. மற்றவற்றை அதன் பிறகு பேசலாம்.

2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட இந்தத் திட்டம், சந்தைக் காப்பீட்டைப் போன்றதன்று. ஆண்டுதோறும் பிரீமியம் கிடையாது. சேரும்போதே நோய் இருந்தது என்று சொல்லி யாரும் தள்ளிவைக்க முடியாது. இத்தனை லட்சத்தோடு முடிந்தது என்ற உச்சவரம்பும் இல்லை. ஹவில்தார் வரையிலான நிலையில் இன்று ஓய்வு பெறுபவர் ஒரே ஒரு முறை 30,000 ரூபாய் செலுத்துகிறார். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்ற உங்கள் தந்தை போன்றவர்களுக்கு அந்தத் தொகையும் விலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, "சந்தா பாக்கி இருக்கிறது, கட்டாவிட்டால் அட்டை ரத்தாகும்" என்று யாராவது தொலைபேசியில் பணம் கேட்டால், அது மோசடி என்று உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். வயதான படைவீரர்களின் பயத்தைக் காசாக்கும் இத்தகையவர்களிடம் பென்ஷன் பணத்தைப் பறிகொடுத்த பலரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயுஷ்மான் அட்டையைப் பொறுத்தவரை, 70 வயதை எட்டிய அனைவருக்கும் அதை விரிவுபடுத்தும் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது உண்மைதான். ஆனால் இ.சி.எச்.எஸ். பயனாளிகள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பதிந்து தருகிறேன் என்று வருபவர் சொல்வதில்லை. அந்த ஐந்து லட்சம், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான ஆண்டு வரம்பு. மாதாமாதம் பாலிகிளினிக்கில் (இ.சி.எச்.எஸ். திட்டத்தின் சொந்த மருத்துவ மையத்தில்) உங்கள் பெற்றோர் வாங்கும் சர்க்கரை மாத்திரைகளை அது தராது. தெரியாமல் ஒரு முறை விரல்ரேகை வைத்துவிட்டு, பின்னர் அலுவலகம் அலுவலகமாக அலையும் நிலையை நீங்களாக வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

மருத்துவமனைகள் சேர்ப்பதில்லை என்று முகவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளுக்குச் சேர வேண்டிய பில் தொகை மாதக்கணக்கில் தேங்குகிறது; நிதியாண்டின் கடைசி மாதங்களில் "படுக்கை இல்லை" என்ற பதில் அதிகமாகக் கேட்பதற்கு இதுவே முதன்மையான காரணம். எல்லையில் நின்றவரிடம், பில் எப்போது தேறும் என்று தெரியாததால் உங்களைச் சேர்க்க முடியாது என்று ஒரு மருத்துவமனை சொல்ல நேர்வது அரசுக்குத்தான் தலைகுனிவு. இருந்தாலும் ஒரு மருத்துவமனை மறுத்தால் அட்டையே பயனற்றது என்று பொருளாகாது. பாலிகிளினிக் மருத்துவர் ரெஃபரல் (வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதம்) தரும்போது, அங்கீகாரப் பட்டியலில் உள்ள எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. வாசலில் நின்று "எங்கள் மருத்துவமனைக்கு வாருங்கள், எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று அழைத்துச் செல்லும் ஆட்களுக்கு அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். அவசரமில்லாத சிகிச்சைக்கு ரெஃபரல் இல்லாமல் நேரே போய்ச் சேர்ந்தால் பொதுவாகப் பணம் திரும்ப வராது.

நெருக்கடி நேரத்துக்கு இதில் விலக்கு உண்டு. நான் பார்த்த கோப்புகளில் நிராகரிக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி இந்த விலக்கைச் சரியாகப் பயன்படுத்தாதவை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து, பாம்புக்கடி போன்று உயிருக்கு ஆபத்தான நிலையில் ரெஃபரலைத் தேடி ஓட வேண்டியதில்லை. அருகில் இருப்பது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையானால், உள்ளே நுழையும்போதே அட்டையைக் காட்டிவிட வேண்டும். முன்பணம் கட்டிப் பொது நோயாளியாகச் சேர்ந்துவிட்டு மூன்றாம் நாள் அட்டையை எடுத்து நீட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. பாலிகிளினிக்குக்குத் தகவல் அனுப்ப வேண்டியது அந்த மருத்துவமனையின் பொறுப்பு. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையதாகிவிடுகிறது: 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குக் குடும்பத்தில் யாராவது ஒருவர் தெரிவித்தாக வேண்டும். தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலிலும் அனுப்பி, நேரில் சென்றால் கடித நகலில் தேதியும் கையொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள். பணத்தை நீங்கள்தான் முதலில் கட்ட வேண்டியிருக்கும். அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்ற மருத்துவரின் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான அசல் பில்கள் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால், சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம்) கட்டண விகிதப்படிதான் தொகை திரும்பக் கிடைக்கும். தனியார் பில் மூன்று லட்சம் என்றால் மூன்று லட்சமும் வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆகவே நோயாளி பயணத்தைத் தாங்கும் நிலைக்கு வந்தவுடன் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்கு மாற்றிவிடுவது நல்லது.

இந்த இடைவெளியை நிரப்பத் தனியார் பாலிசி உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. கையில் மிச்சம் இருந்தால் எடுக்கலாம். ஆனால் 72 வயதில் பிரீமியம் கடுமையாக இருக்கும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்ல நிறுவனத்துக்கு விதி இடம் தருகிறது. "சர்க்கரையை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம்" என்று முகவர் சொன்னால் அவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். கமிஷன் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நோயை மறைத்ததாகக் கூறிக் கிளெய்ம் மறுக்கப்படும் நாளில் அவர் உங்களோடு நிற்க மாட்டார்.

உங்களைப் பற்றி: மகனுக்கு 25 வயது நிறையும் வரை, அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை, அல்லது திருமணம் ஆகும் வரை, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரைதான் இடம். பெற்றோருக்காகச் செலவிட நினைத்த பிரீமியத்தை உங்கள் பெயரில் ஒரு பாலிசிக்குச் செலவிடுங்கள். நிறுவனம் தரும் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தந்தைக்குப் பிறகும், குடும்ப ஓய்வூதியம் பெறும் நிலையில் தாய்க்கு இந்தத் திட்டம் தொடரும். அப்போது அவருடைய பெயரும் பிறந்த தேதியும் தந்தையின் பி.பி.ஓ.விலும் (ஓய்வூதிய ஆணையிலும்) ஆதாரிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரே எழுத்து மாறியிருந்ததற்காக மாதக்கணக்கில் காத்திருந்த தாய்மார்களை எனக்குத் தெரியும். தந்தை நலமாக இருந்து கையொப்பமிடக்கூடிய இப்போதே, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவியோடு அவருடைய பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்திவிடுங்கள். அந்த அலுவலகத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது.