மேசை இழுப்பறையில் ஒரு சீட்டு

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் மென்பொருள் வேலை செய்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மார்மன்கள், ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். நாங்கள் குடிவந்த அன்றே ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தவர்கள். அவர்கள் மகன் அமெரிக்க மத வரலாற்றில் முனைவர் பட்டம் முடிக்கப்போகிறான். இரண்டு இடங்களிலிருந்து வேலை வந்திருக்கிறது. ஒன்று, அவர்கள் சபையே நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகம். இங்கிருந்து அரை மணி நேரத்தில் புரோவோ. இன்னொன்று இல்லினாய் மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம், மூன்று வருட ஒப்பந்தம்தான். அம்மா புரோவோதான் என்கிறார். அவனுக்குத் தன் சபையின் வரலாற்றை எழுத வேண்டும், நம்பிக்கையையும் விடுவதாக இல்லை. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களைக் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று வாசகர் கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இல்லினாய்க்குப் போகட்டும் என்பேன். அவன் வேதியியலோ கணக்கியலோ படித்திருந்தால் யோசிக்காமல் புரோவோ என்றிருப்பேன். 1875-ல் தொடங்கிய நல்ல பல்கலைக்கழகம் அது. ஆனால் இவன் எழுதப்போவது தன் சபையைப் பற்றி. சம்பளமும் அதே சபையிடமிருந்து வரும் என்றால் விஷயமே வேறு.

அவர்களுடைய ஆலயத்துக்குள் போக ஒரு சின்னச் சீட்டு வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிஷப் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லித்தான் அதைப் புதுப்பிக்க முடியும். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, முழுதாகக் கொடுக்கிறாயா, காபி, டீ, மது தொடாமல் இருக்கிறாயா, சபைத் தலைவரைத் தீர்க்கதரிசியாக ஏற்கிறாயா என்றெல்லாம் கேட்பார்கள். பிஷப் சம்பளம் வாங்கும் பாதிரியார் இல்லை. அதே பேட்டையில் குடியிருக்கும் பல் டாக்டராக இருக்கலாம், கணக்கராக இருக்கலாம். அவருக்கு மேலே, பல பேட்டைச் சபைகளுக்குப் பொதுவாக, ஸ்டேக் தலைவர் என்று ஒருவர் உண்டு, அவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிரிகம் யங்கில் வேலை பார்க்கும் சபை உறுப்பினருக்கு இந்தத் தகுதி இல்லாவிட்டால் வேலை நிலைக்காது. 2022 முதல் புதிதாகச் சேர்பவர்கள் அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்தே ஆக வேண்டும்.

மைக்கேல் குவின் கதையை அந்தப் பையன் நிச்சயம் படித்திருப்பான். உங்களுக்காகச் சொல்கிறேன். யேலில் முனைவர் பட்டம் வாங்கி, பிரிகம் யங்கில் பேராசிரியரானவர். பலதார மணத்தை நிறுத்திவிட்டோம் என்று சபை 1890-ல் அறிவித்தது. அதற்குப் பிறகும் 1904 வரை சில தலைவர்களே புதிய பலதார மணங்களுக்கு அனுமதி தந்தார்கள் என்று ஆவணங்களோடு 1985-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதன்பின் நடந்ததை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஸ்டேக் தலைவர் அவரைக் கூப்பிட்டு, உங்கள் சீட்டைப் பிடுங்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, இது உங்களை வேலையிலிருந்து தூக்குவதற்கான பின்வாசல் வழி என்று எனக்குப் படுகிறது என்றாராம். சீட்டை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் கேட்டால் சீட்டு இருக்கிறது என்று சொல்லுங்கள், எங்கே இருக்கிறது என்று நீங்களாகச் சொல்ல வேண்டாம் என்றார்.

இதைப் படித்தபோது அந்த ஸ்டேக் தலைவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. ஆனால் ஒருவருடைய நல்ல மனசை நம்பி எத்தனை வருடம் ஆராய்ச்சி செய்ய முடியும்? குவின் 1988-ல் ராஜினாமா செய்தார். 1993 செப்டம்பரில் சபை ஆறு பேர்மேல் நடவடிக்கை எடுத்தபோது விலக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 2021-ல் இறக்கும்வரை நிரந்தரப் பேராசிரியர் பணி அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1890-க்குப் பிறகும் சில மணங்கள் நடந்தன என்பதை 2014-ல் சபையே தன் கட்டுரை ஒன்றில் ஒப்புக்கொண்டது.

இது 1993-ல் தொடங்கியதும் இல்லை. 1911-லேயே பரிணாமக் கொள்கையும் பைபிளை வரலாற்று ஆவணமாக ஆராயும் முறையும் கற்பித்ததற்காக புரோவோவில் மூன்று பேராசிரியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. அவர்களில் ஜோசப் பீட்டர்சன் பிற்பாடு அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். வெளியே அவருக்கு ஒரு துறை இருந்தது, அதில் நின்றார். குவினின் துறையே சபையின் வரலாறுதான். உள்ளே கதவு மூடியதும் வெளியே தட்ட அவருக்கு இன்னொரு கதவு இருக்கவில்லை.

அதனால்தான் அந்தப் பையனுக்கு லாரல் தாட்சர் உல்ரிக்கின் பாதையைக் காட்டுவேன். ஐடஹோவில் பிறந்த மார்மன் பெண். ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் 1980-ல் முனைவர் பட்டம் முடித்தார். அவர் முதலில் கையில் எடுத்தது மார்மன் வரலாறு இல்லை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மெயின் மாநிலத்து மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சியின் டைரி. 1785 முதல் 1812 வரை எழுதியது. சில பக்கங்களை நான் இணையத்தில் பார்த்திருக்கிறேன். இன்று மழை, ஆற்றைக் கடந்தேன், இன்னார் வீட்டில் பிரசவம், கூலி இவ்வளவு... பக்கம் பக்கமாக இப்படித்தான் போகும். முன்பு அதைப் பார்த்தவர்கள் அற்ப விஷயம் என்று ஒதுக்கினார்கள். உல்ரிக் 816 பிரசவங்களையும் வரிசைப்படுத்தி, அந்த ஊரின் கடன், கல்யாணம், சண்டை எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்துக் காட்டினார். 1991-ல் புலிட்சர் பரிசு, 1995-ல் ஹார்வர்ட். நடுவில் 1993-ல் பிரிகம் யங்கின் மகளிர் மாநாட்டில் அவரைப் பேச அழைக்க நினைத்தபோது அறங்காவலர் குழு மறுத்துவிட்டது. அவருக்கு வருத்தம் இருந்திருக்கும், ஆனால் வேலை போகவில்லை. சபையையும் விடவில்லை. 2017-ல், எழுபது வயதைத் தாண்டியபின், ஆரம்பகால மார்மன் பெண்களின் டைரிகளை வைத்துப் பெரிய நூல் ஒன்றைக் கொடுத்தார். மார்த்தாவிடம் பழகிய கண்தான் அந்த டைரிகளையும் வாசித்தது.

ஆவணமெல்லாம் யூட்டாவில்தானே இருக்கிறது என்று அவன் கேட்கலாம். சரிதான். ஆனால் சால்ட் லேக் சிட்டியில் உள்ள சபை வரலாற்று நூலகத்தில் வெளியூர்க்காரரும் உட்கார்ந்து படிக்கலாம். ஜோசப் ஸ்மித்தின் ஆவணங்களை 2008 முதல் 2023 வரை தொகுதி தொகுதியாகச் சபையே பதிப்பித்து, இணையத்திலும் போட்டிருக்கிறது. இது பெரிய மனமாற்றம், அதற்காக உழைத்தவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. புரோவோவில் இருப்பவர்கள் எல்லோரும் வாய் மூடிக் கிடக்கிறார்கள் என்று தயவுசெய்து அவனிடம் சொல்லிவிடாதீர்கள், அது உண்மை இல்லை. அப்புறம், இன்று புரோவோ வேண்டாம் என்றால் என்றைக்குமே வேண்டாம் என்று ஆகாது. டெரில் கிவன்ஸ் என்ற மார்மன் அறிஞர் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தில் பல வருடம் இலக்கியம் கற்பித்துவிட்டு, பெயர் நிலைத்தபின் பிரிகம் யங்குக்குப் போனார்.

மூன்று வருட ஒப்பந்தம் என்பதுதான் எனக்கும் கவலை. மார்மன் ஆய்வுக்கென்று தனிப் பேராசிரியர் இருக்கைகள் கிளேர்மாண்ட், வர்ஜீனியா, யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு. அதை நம்பிப் போகக் கூடாது. அமெரிக்க மத வரலாறு முழுவதையும் கற்பிக்கக்கூடியவனாக அந்த மூன்று வருடத்தில் அவன் ஆகிவிட வேண்டும். முதல் நூல் மெதடிஸ்டுகள், ஷேக்கர்கள் போன்ற வேறு கிறிஸ்தவப் பிரிவினரைப் பற்றி இருக்கட்டும்.

அந்த அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவர்களுடைய முன்னோர்கள் யூட்டாவுக்கு வருமுன் ஊர் கட்டி வாழ்ந்தது இல்லினாயில்தான், மிசிசிப்பிக் கரையில் நாவூவில். ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்ட கார்த்தேஜ் சிறையும் பக்கத்தில்தான். இடிந்துபோன நாவூ ஆலயத்தை 2002-ல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும்போது, மகனே காரில் அங்கே கூட்டிப்போவான்.