தகரம் சுட்டாலும் வகுப்பறை சுடாதது எப்படி? கெரேயின் கான்டோ பள்ளி

கேள்வி: கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் கான்டோ கிராமத்தில் பிரான்சிஸ் கெரே கட்டிய தொடக்கப் பள்ளியை மாதிரியாகச் செய்ய வேண்டும். தகரக் கூரை இருந்தும் உள்ளே புழுங்காதது எப்படி? எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: படங்களில் கண்ணில் படுவது தகரம். வேலை செய்வதோ அதற்குக் கீழே உள்ள இடைவெளி. மாதிரியில் முதலில் அதைக் காட்டுங்கள்.

அறையின் அகலவாக்கில் கான்கிரீட் உத்தரங்கள், அவற்றின் குறுக்கே இரும்புக் கம்பிகள், கம்பிகள்மேல் காற்று போக வழிவிட்டு அடுக்கிய மண்கற்கள். இது உட்கூரை. அதற்கு மேலே தகரம் தனியாக, ட்ரஸ்மேல் (கம்பிகளைப் பிணைத்துச் செய்த தாங்குசட்டம்) நிற்கிறது. வெயிலில் தகரத்தடிக் காற்று சூடேறி ஓரங்கள் வழியே வெளியேறும். அறைக்குள் தேங்கும் வெப்பமும் துளைகள் வழியே ஏறிப்போக, ஜன்னல் வழியாகப் புதுக் காற்று வரும்.

மாணவர் மாதிரிகளில் உட்கூரையைத் துளையில்லாமல் மூடிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் தகரத்தின் சூடு நேராக இறங்காது, சரி. ஆனால் அறைக்காற்று போக வழியில்லை. ஓரங்களையும் பலகையால் அடைக்காதீர்கள், பறவை நுழையும் என்றால் கம்பிவலை போதும். கூரை நீட்டத்தை அழகுக்காகக் குறைக்க வேண்டாம்: மண்கல் சுவரை மழையிலிருந்து காப்பது அதுதான். உயர்த்திய தகரத்தைக் காற்று தூக்கும் என்பதால், ட்ரஸ் வெறும் மண்கல்மேல் உட்காரக் கூடாது. கான்கிரீட்டில் பிணைக்க வேண்டும்.

ட்ரஸ்ஸை சாதாரணக் கட்டுமானக் கம்பியாலேயே செய்யுங்கள். பெரிய பாகங்களைக் கொண்டுவரவும் கிரேன் வைக்கவும் அங்கே வழியில்லை. கைரம்பமும் சிறிய வெல்டிங் இயந்திரமும் ஊராருக்குப் பழக்கப்பட்டதும் கூரை எழுந்தது. கெரேயிடம் நான் மிகவும் மதிப்பது இந்தத் தீர்வைத்தான்.

அறிமுகக் குறிப்பில் ஆண்டுகளை வரிசை மாற்றிவிடாதீர்கள். 1965இல் கான்டோவில் பிறந்தவர், 1985இல் தச்சுப் பயிற்சிக்காக பெர்லின் போனார். பள்ளி முடிந்தது 2001இல். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றது 2004இல்தான். அதே ஆண்டு இந்தப் பள்ளிக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. 2022இல், கட்டடக்கலையின் மிக உயரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார்.

உட்கூரையின் ஒரு பகுதியைக் கழற்றி எடுக்கும்படி வையுங்கள். துளைகள் இல்லாமல் காற்றோட்டத்தை விளக்க முடியாது.