கப்பலேறிப் போன சின்னத் தாத்தாவை எங்கே தேடுவது?

கேள்வி: எனக்கு வயது 29. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம் எங்கள் பூர்வீகம். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். என் பாட்டிக்கு 84 வயது. அவருடைய சின்னத் தாத்தா ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டால் கரும்புக் காட்டுக்குக் கப்பலேறிப் போனாராம். ஒருமுறை பணம் அனுப்பினாராம். பிறகு தகவலே இல்லையாம். அவரைத் தேடலாம் என்று வம்சாவளி வரைபடம் போடும் இணையதளங்களில் இறங்கினேன். எல்லாமே குடும்பப் பெயரைக் கேட்கின்றன. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்ற ஆசையும் இருக்கிறது. கணவரோ, "செத்தவர்களைத் தேடி என்ன ஆகப்போகிறது?" என்கிறார். வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தத் தளங்களை மூடி வையுங்கள். அவை இங்கிலாந்து, அமெரிக்கக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை. நமக்கு அப்பாவின் பெயர் தலைப்பெழுத்தாகி அடுத்த தலைமுறையில் காணாமல் போய்விடும். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். ஒரே வீட்டில் தலைமுறை விட்டுத் தலைமுறை ஒரு முனுசாமி வந்துகொண்டிருப்பார். நம் குடும்பங்களில் ஆளை அடையாளம் காட்டுவது ஊர்தான். உங்கள் தேடலுக்கும் அதுதான் பிடி.

பாட்டியிடம் "தாத்தாவின் தாத்தா பெயர் என்ன?" என்று கேட்டால் தெரியாது என்பார். "உங்கள் அம்மா எந்த ஊர்ப் பெண்? அத்தைமார்களை எங்கே கட்டிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், மாலை வரை பேசுவார். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெண்களுக்கு மனப்பாடம். ஆண்கள் எழுதிவைத்த வம்சாவளியில் அந்தப் பெண்களின் பெயரே இருக்காது. பேசும்போது கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். 84 வயது என்கிறீர்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

அடுத்து, வீட்டில் பழைய மொய் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பரணிலோ, டிரங்குப் பெட்டியின் அடியிலோ, மஞ்சள் தடவிய அட்டையோடு கிடக்கும். எண்பது வருடத்து நோட்டு கிடைக்காவிட்டாலும் அறுபது வருடத்து நோட்டு கிடைக்கலாம். ஒரு வரியைப் படித்துப் பாருங்கள்: முதலில் ஊர், பிறகு இன்னார் மகன் இன்னார், கடைசியில் தொகை. சில இடங்களில் "தாய்மாமன்", "சம்பந்தி" என்று உறவும் இருக்கும். உங்கள் குடும்பம் எந்தெந்த ஊர்களோடு கொண்டு கொடுத்தது என்பதற்கு இதைவிட நேர்மையான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை. காசு விஷயமாயிற்றே, யாரும் பொய் எழுதமாட்டார்கள். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரிப் பட்டியலையும் விடாதீர்கள். பங்காளிகள் யார் யார் என்பது அதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பத்திரம். அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியது போல. ஊரை விட்டுப் போன ஒரு சகோதரன் இருந்தால், அவன் பங்கை என்ன செய்வது என்று ஒரு வரியாவது எழுதாமல் விடுவது அரிது. மூலப்பத்திரம் வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்துக்குப் போகாது. நேரில்தான் போக வேண்டும். பழைய பத்திரங்களில் ஆண்டு பசலியில், அதாவது ஜூலை முதல் ஜூன் வரையான வரிக் கணக்கு ஆண்டில், இருக்கலாம். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனமாக இருங்கள். 'சாதாரண' என்ற பெயருள்ள வருடம் 1910-லும் வந்தது, 1970-லும் வந்தது.

ஓர் எச்சரிக்கை. ஊருக்குப் போய்ப் பழைய பத்திரம் கேட்டால், "பங்கு கேட்க வந்துவிட்டாள்" என்றுதான் பங்காளிகள் நினைப்பார்கள். அதனால் ஆடியில் கூழ் வார்க்கும்போது பாட்டியையும் அழைத்துக்கொண்டு போங்கள். முதல் முறை பத்திரப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

இனி நேட்டால். அங்கே முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911-இல் ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள், அதில் உங்கள் வந்தவாசி அன்று சேர்ந்திருந்த வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். உங்கள் பாட்டியின் வயதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அவருடைய தாத்தாவின் தம்பி 1880-களை ஒட்டிப் பிறந்திருப்பார். அப்படியென்றால் 1900-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட கப்பல்களை முதலில் பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரன் கணக்கில் கெட்டிக்காரன். கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினான். அந்தப் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். முனுசாமி என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழுவார்கள். வட ஆற்காடு, வந்தவாசி தாலுகா, உங்கள் கிராமம் என்று வடிகட்டினால் சிலர் மிஞ்சுவார்கள். அதற்குத்தான் முதலில் ஊரைப் பிடிக்கச் சொன்னேன். இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் அந்தப் பட்டியலில் கிடையாது. வந்தவாசியே 'வாண்டிவாஷ்' என்றுதான் இருக்கும். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியவன். உங்கள் ஊர்ப் பெயரை எத்தனை விதமாகக் கெடுத்து எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்துத் தேடுங்கள்.

வயதை நம்ப வேண்டாம். இருபது, இருபத்தைந்து என்று குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். சாதியையும் அப்படியே நம்ப வேண்டாம். கப்பலேறும்போது மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. தகப்பன் பெயரும் கிராமமும் ஒத்துப்போனால்தான் அவர் உங்கள் ஆள். ஒன்று மட்டும் ஒத்துப்போனால் பென்சிலால் எழுதி வையுங்கள்.

அங்கே அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் இன்று எந்தப் பெயரில் இருப்பார்கள் என்பது வேறு கதை. தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி 'மூன்சாமி' ஆகியிருக்கலாம். சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டு 'கோவெண்டர்', 'மூட்லி', 'படையாச்சி' என்றும் ஆகியிருக்கலாம். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரி போட்டு நசுக்கினார்கள். 1914-இல்தான் அது நீங்கியது. உங்கள் சின்னத் தாத்தா பணம் அனுப்புவதை நிறுத்தியதற்கு வேறு எந்தக் காரணமும் தேவையில்லை. உங்கள் கணவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். தகவலே அனுப்பாதவர் என்று மூன்று தலைமுறையாக ஒரு மனிதரைக் குறை சொல்லியிருக்கிறோமே, அதைச் சரிபார்ப்பது வெட்டி வேலையா?

மரபணுச் சோதனையைப் பற்றியும் கேட்டுவிடுவீர்கள் என்று தெரியும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிக்கொண்ட குடும்பங்களில் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போலக் காட்டும். ஆவணங்கள் கைக்கு வந்த பிறகு, உறுதி செய்துகொள்ள மட்டும் செய்யலாம். சேர சோழ பாண்டியரோடு உங்கள் வம்சத்தை முடிச்சுப் போட்டுத் தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

தொழில் பற்றி: வேலையை விடாதீர்கள். நம் நாட்டில் இதற்கு உரிமமும் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. ஆனால் தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், பிஜி ஆகிய நாடுகளிலிருந்து பூர்வீக ஊரைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மொரீஷியஸ்காரர்களுக்கு அங்கே மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய குடியேற்றப் பதிவேடுகள் கிடைக்கின்றன. இந்தப் பக்கம் வந்து கிராமத்தைக் கண்டுபிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பேசி, பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்லத்தான் அவர்களுக்கு ஆள் இல்லை. அந்த இடத்துக்கு நீங்கள் பொருத்தமானவர். கணக்கருக்குச் சான்று பார்க்கும் பழக்கம் கையோடு இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். பழைய தமிழ் எண்களையும் பத்திரச் சுருக்கெழுத்துகளையும் கற்றுக்கொள்ளுங்கள். பட்டம் வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகம் வம்சாவளியியலில் முதுநிலைப் படிப்பை இணையவழியில் நடத்துகிறது. ஆனால் கட்டணம் பவுண்டில்; உங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேடி முடிக்கும்வரை அதை நினைக்க வேண்டாம்.

முதல் வாடிக்கையாளர் வரும்போது, செலவழிக்கும் நேரத்துக்குக் கூலி பேசுங்கள். கண்டுபிடித்தால்தான் பணம் என்று ஒப்புக்கொண்டால், கிடைக்காத தாத்தாவுக்குப் பதிலாகக் கிடைத்த தாத்தாவை ஒட்டிவைக்கத் தோன்றும். "தேடினேன், இந்த இந்தப் பதிவேட்டில் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் அந்தக் கூலியில் சேர்த்தி என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.