ஏர்கன் (காற்றழுத்தத் துப்பாக்கி) கொண்டு புறா கட்டுப்படுத்தும் வேலையில் 'இடர் மதிப்பீடு' என்பது என்ன?

இங்கிலாந்தில் ஒரு கிடங்கின் கூரையில் தங்கும் புறாக்களைச் சுடப் போகிறவர், வேலைக்கு முன் எழுதும் தாள் இது. எதனால், யாருக்கு ஆபத்து, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் உள்ளடக்கம்.

காரணம் எளிது. குறி தவறிய பெல்லட் (ஏர்கன் குண்டு) இரும்பு உத்தரத்தில் பட்டுத் தெறிக்கும். ஃபைபர் கூரைத் தகட்டைத் துளைத்து வெளியேயும் போகும். ஆகவே எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் சுடுவது, பின்னால் எது பெல்லட்டைத் தாங்கும், ஆட்கள் எப்போது இருக்கமாட்டார்கள், கதவை யார் காப்பது என்று அந்த இடத்துக்கென்றே எழுதவேண்டும். பழைய தாளில் முகவரியை மட்டும் மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

திருவிழாவில் வாணம் விடுபவர், திரியைப் பற்றவைக்கும் முன் காற்றையும் வைக்கோல்போரையும் பார்ப்பாரே, அதேதான். இங்கே எழுதிக் கையொப்பமிடுகிறார்கள்.

குண்டின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு அங்கே துப்பாக்கி அனுமதிச் சான்று வேண்டாம் என்பதால் எந்தத் தாளும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விலக்கு துப்பாக்கிக்கு மட்டும், புறாவோ 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அரசு எல்லோருக்கும் பொதுவாக வெளியிடும் 'பொது உரிமத்தின்' நிபந்தனைகளுக்கு உட்பட்டே சுடலாம்.