ஷெட்டில் டெஸ்டர் எரிகிறது, பல்பு எரியவில்லை. ஏன்?

வீட்டில் கரண்ட் இருந்து, தள்ளி நிற்கும் கார் ஷெட்டில் மட்டும் இல்லையென்றால் முதலில் ஷெட்டுக்கான எம்சிபியை, அதாவது கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்சைப் பாருங்கள். பாதியில் நிற்கும் லிவரை முழுக்கக் கீழே தள்ளிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

அது சரியாக இருந்து, டெஸ்டரும் எரிந்தால் பெரும்பாலும் ‘நியூட்ரல் கட்’தான். அதாவது, கரண்ட் திரும்பிப் போகும் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சைக்கிள் செயின் மாதிரி: மேல்பக்கம் நன்றாக இருந்தாலும் கீழ்ப்பக்கம் அறுந்தால் சக்கரம் சுற்றாது. மண்ணுக்குள் போகும் கேபிளில் யாரோ டேப் சுற்றி மூடிய ஜாயின்ட் இருந்தால் என் சந்தேகம் அங்கேதான். மழை ஈரத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். பல்பு சுவிட்சைப் போட்டதும் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் அநேகமாக அதுவேதான். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நியூட்ரல் ஷாக் அடிக்காது என்பார்கள்; அறுந்த நியூட்ரலில் பல்பு வழியாக வந்த கரண்ட் இருக்கும், தொட்டால் அடிக்கும்.